பிரான்சில் விளையாத பிரெஞ்சு பாலிஷ்

ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்கி ராஜபாளையம் வரை, வன்னியம்பட்டி போன்ற ஊர்களிலும் சரி, பழைய வீடுகளில் தாத்தா காலத்துத் தேக்குக் கட்டிலோ சாய்வு நாற்காலியோ ஒன்றாவது கிடக்கும். வீட்டில் கல்யாணம் என்றால் வெள்ளையடிப்பவரோடு பாலிஷ் போடுபவரும் வருவார். முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார். ஓட்டை, விரிசல்களில் பட்டி வைத்து அடைப்பார். பிறகு பாட்டிலில் ஊறவைத்த ஒரு பழுப்புத் திரவத்தைப் பஞ்சுப் பொதியில் நனைத்து, மரத்தின் மேல் மெல்லிசாக இழுப்பார். காயக் காய மறுபடியும் இழுப்பார். சாயங்காலத்துக்குள் கட்டிலில் முகம் பார்க்கலாம். இது என்ன பாலிஷ் என்று கேட்டால் "பிரெஞ்சு பாலிஷ்" என்று பதில் வரும்.

பெயரைக் கேட்டால் பிரான்சிலிருந்து வந்த சரக்கு போலத் தோன்றும். ஆனால் அந்தப் பாட்டிலில் ஊறியிருப்பது அரக்கு. மகாபாரதத்தில் பாண்டவர்களைக் கொளுத்துவதற்காக மாளிகை கட்டினார்களே, அதே அரக்குதான். அது எப்படிப் பிரெஞ்சுக்காரன் பெயரைப் பெற்றது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் மரச்சாமான்களின் வரலாறு மட்டுமல்ல, உலக வியாபாரத்தின் ஒரு பழைய பழக்கமும் தெரியவரும்.

பூச்சியிலிருந்து பளபளப்பு

அரக்கு என்பது மரப்பிசின் அல்ல. புரசு, இலந்தை, குசும் போன்ற மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் ஒரு சிறு பூச்சி, தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள் அது. ஒரு கிளையில் ஆயிரக்கணக்கில் கூடியிருக்கும் இந்தப் பூச்சிகளின் கூட்டத்தைப் பார்த்துத்தான் 'லட்சம்' என்ற பொருளில் வடமொழியில் 'லாக்ஷா' என்ற பெயர் வந்தது என்பார்கள். ஆங்கிலத்தில் இதற்குள்ள 'லாக்' என்ற சொல்லும் இந்த வழியில் போனதுதான். இன்றைக்கும் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் பெரும்பாலும் பழங்குடி மக்களே இதை வளர்த்து, கிளையோடு வெட்டிச் சுரண்டி எடுக்கிறார்கள்.

ஒரு காலத்தில் அரக்கில் விலை போனது பிசின் அல்ல, அதிலிருந்து கிடைத்த சிவப்புச் சாயம். பெண்கள் காலில் பூசிக்கொண்ட செம்பஞ்சுக் குழம்பும் இந்தச் சாயத்தில் செய்ததுதான். கிழக்கிந்தியக் கம்பெனியும் சாயத்துக்காகவே இதை முக்கியமாக ஏற்றுமதி செய்தது. 1856-ல் இங்கிலாந்தில் பெர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு அந்த வியாபாரம் படிப்படியாகப் படுத்துவிட்டது. உபபொருளாக இருந்த பிசின் முதன்மைச் சரக்கானது.

அந்தப் பிசினை இந்தியாவில் மரத்துக்குப் பூசுவது புதிதல்ல. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமானையும் கர்நாடகத்துச் சென்னபட்டணா பொம்மையையும் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கடைசல் இயந்திரத்தில் மரம் சுழலும்போது வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறிக்கொள்ளும். அதன்மேல் ஓலையை வைத்து அழுத்தினால் மினுமினுப்பு வந்துவிடும். பிரஷ் வேண்டாம், காயவைக்கவும் வேண்டாம். ஒரே ஒரு குறை, உருண்டையான பொருளுக்குத்தான் இந்த முறை ஒத்துவரும். தட்டையான மேசைப் பலகையையும் பீரோக் கதவையும் கடைசலில் சுழற்ற முடியாதே! அதற்கு அரக்கைத் திரவமாக்க வேண்டும். அந்தத் தேவை வலுவாக எழுந்த இடம் ஐரோப்பா. அதைத் தூண்டிய பொருளோ சீனாவிலிருந்து வந்தது, அதுவும் தமிழ்நாட்டுக் கடற்கரையின் பெயரோடு.

சோழமண்டலத்தில் செய்யாத சோழமண்டலத் திரை

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பியப் பணக்காரர்கள் ஒரு பொருளின் மேல் பைத்தியமாக இருந்தார்கள். மடக்கி வைக்கக்கூடிய, பெரும்பாலும் பன்னிரண்டு பலகைகள் கொண்ட, ஆள் உயரத்துக்கும் மேலான மரத்திரை அது. கரிய மெருகுப் பூச்சைச் செதுக்கி, பள்ளங்களில் பல வண்ணங்களை நிரப்பி, அரண்மனையும் மலையும் பறவையுமாக வரைந்திருப்பார்கள். இதற்குப் பெயர் 'கோரமண்டல்' திரை. கோரமண்டல் என்பது சோழமண்டலம் என்ற சொல் ஐரோப்பியர் வாயில் மருவியது.

ஆனால் இந்தத் திரைகளில் ஒன்றுகூடச் சோழமண்டலத்தில் செய்ததல்ல. எல்லாம் சீனாவில் செய்தவை. கம்பெனிக் கப்பல்கள் இந்தக் கடற்கரைத் துறைமுகங்கள் வழியாக ஏற்றிக்கொண்டு போனதால் வந்த பெயர் இது. இன்னும் வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயர்கள் அதற்கு முன்பு இதே பொருளை 'பாண்டம் வேலை' என்று அழைத்தார்கள். பாண்டம் என்பது ஜாவாத் தீவில் இருந்த துறைமுகம். ஆக, ஒரே பொருளுக்கு இரண்டு ஊர்ப் பெயர்கள் கிடைத்தன. இரண்டும் கப்பல் நின்ற ஊர்கள், செய்த ஊர் இரண்டிலும் இல்லை.

பழைய சாமானைப் புதுப்பிக்கும் ஆசை அன்றே இருந்தது. ஐரோப்பியத் தச்சர்கள் இந்தத் திரைகளை அறுத்து, தங்கள் அலமாரிக் கதவுகளில் ஒட்டினார்கள். படம் பாதியில் வெட்டுப்பட்டு, கோபுரம் ஒரு கதவிலும் அடித்தளம் இன்னொரு கதவிலும் இருந்தாலும் அவர்கள் கவலைப்படவில்லை. அந்த மோகம் இருபதாம் நூற்றாண்டிலும் தீரவில்லை. பாரிஸின் புகழ்பெற்ற உடை வடிவமைப்பாளர் கோகோ ஷனெல் தன் வீட்டை இத்திரைகளால் நிரப்பியிருந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் 2007-ல் 'கோரமண்டல்' என்ற பெயரில் ஒரு வாசனைத் திரவியத்தையே வெளியிட்டது.

ஆக்ஸ்ஃபோர்டில் ஜப்பான் வேலை

சீன, ஜப்பானிய மெருகு வேலைக்கு ஆதாரம் ஒரு மரத்தின் பால். அதை ஐரோப்பாவுக்குக் கெடாமல் கொண்டுபோவது கடினம். தோலில் பட்டாலும் அரிக்கும். வாங்கிக் கட்டுப்படியாகாதவர்கள் பார்த்தார்கள், போலியாகச் செய்துவிடலாம் என்று முடிவு கட்டினார்கள். 1688-ல் ஜான் ஸ்டாக்கர், ஜார்ஜ் பார்க்கர் என்ற இருவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு செய்முறைப் புத்தகம் வெளியிட்டார்கள். மரச்சாமான்களுக்குக் கறுப்பும் சிவப்பும் பூசுவது எப்படி, பொன்தூளால் வரைவது எப்படி, மேலே மெருகு ஏற்றுவது எப்படி என்று படிப்படியாகச் சொன்ன புத்தகம் அது. பார்த்து வரைய நூற்றுக்கும் மேற்பட்ட மாதிரிகளும் அதில் உண்டு. வீட்டுப் பெண்களின் பொழுதுபோக்காகவும் இந்தக் கலை பரவியது.

இந்தக் கலைக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'ஜப்பானிங்'. செய்தது இங்கிலாந்தில், பெயர் ஜப்பானுக்கு. பாட்டிலில் இருந்தது என்ன? சாராயத்தில் கரைத்த இந்திய அரக்கு!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதே கரைசலைப் பிரஷ்ஷால் அடிக்காமல், துணியில் சுற்றிய பஞ்சுப் பொதியால் துளி எண்ணெய் விட்டுத் தேய்த்து ஏற்றும் முறை பிரான்சிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தது. அதுதான் பிரெஞ்சு பாலிஷ். பிறகு வெள்ளைக்காரர்களின் மேசை நாற்காலிகளோடு அது இந்தியாவுக்கே திரும்பி வந்து, தச்சுப் பட்டறைகளில் தங்கிவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் பெயரில் முழுப் பொய் இல்லை. பஞ்சுப் பொதியால் தேய்க்கும் கை நுணுக்கம் அங்கே வளர்ந்ததுதான். அரக்கை உருக்கத் தெரிந்த நாட்டுக்குச் சாராயத்தில் கரைத்துத் தட்டைப் பலகையில் ஏற்றும் வழி அங்கிருந்து வந்தது. அதற்கான மரியாதையைக் கொடுக்கத்தான் வேண்டும். சிக்கல் பெயரின் மறுபாதியில் இருக்கிறது. தேய்த்தவன் பெயர் நின்றுவிட்டது, சுரண்டி எடுத்தவன் பெயர் காணாமல் போய்விட்டது.

அந்த மறுபாதி எவ்வளவு உழைப்பு என்று பார்க்கலாம். சுரண்டிய அரக்கை நொறுக்கிக் கழுவி, நீளமான துணிப்பையில் அடைத்து, கரி அடுப்பின் முன்னால் பிடித்து முறுக்குவார்கள். துணியின் வழியே உருகி வடியும் அரக்கைத் தகடாகப் பரப்புவார்கள். அது ஆறுவதற்குள் ஒருவர் அடுப்பின் வெப்பத்திலேயே நின்று, இரண்டு கை, இரண்டு கால், பற்கள் ஆகியவற்றால் அந்தத் தகட்டைப் பிடித்து இழுத்து, கண்ணாடி போல் மெலிதாக்குவார். உடைத்தால் அதுதான் ஷெல்லாக். லண்டன் மாளிகையின் பியானோ மினுங்கியதற்குப் பின்னால் ஒரு மனிதனின் பல் இருந்தது.

சொல் மட்டும் மிஞ்சியது

1890களின் நடுவிலிருந்து அரக்குக்கு இன்னொரு பெரிய சந்தை கிடைத்தது. கிராமபோன் இசைத்தட்டு! 78 சுற்று வேகத்தில் ஓடிய பழைய தட்டுகளை அரக்குக் கலவையில்தான் வார்த்தார்கள். 1948-ல் வினைல் தட்டு வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்தச் சந்தை மூடிவிட்டது.

மரச்சாமான் பக்கமும் இதே கதை. 1920களில் கார்களுக்காக வந்த செயற்கை மெருகெண்ணெய் பிறகு மேசை நாற்காலிக்கும் வந்தது. சீக்கிரம் காயும், ஸ்பிரே செய்யலாம். அதற்கு வைத்த பெயர் 'லேக்கர்'. லாக் என்ற சொல்லிலிருந்து பிறந்த பெயர்தான், ஆனால் உள்ளே அரக்கு துளியும் கிடையாது. முன்பு பொருள் இருந்தது, பெயர் இல்லை. இப்போது பெயர் இருக்கிறது, பொருள் இல்லை.

ராஞ்சிக்கு அருகே நாம்கும் என்ற இடத்தில் 1920களில் இந்திய அரக்கு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 2007-ல் அதன் பெயர் இயற்கைப் பிசின்கள் நிறுவனம் என்ற பொருளில் மாறியது. 2022-ல் இன்னொரு முறை மாறி, இரண்டாம் நிலை வேளாண்மைக்கான தேசிய நிறுவனம் ஆனது. ஆராய்ச்சி நடக்கிறது, ஆனால் பெயர்ப் பலகையிலிருந்து அரக்கு இறங்கிவிட்டது.

பழைய கட்டிலுக்கு எது நல்லது?

இன்று பழைய மேசைகளுக்கு வெளிர் நிறப் பெயின்ட் அடித்து, ஓரங்களில் வேண்டுமென்றே தேய்த்துப் பழசு போலக் காட்டுவது உலகெங்கும் ஒரு மோகம். அதற்குப் பேர்போன 'சாக் பெயின்ட்' 1990-ல் வந்தது. கொண்டுவந்த ஆனி ஸ்லோனும் ஆக்ஸ்ஃபோர்டுக்காரர்தான். அந்தப் பெயர் ஒரு வணிக முத்திரை. பெயரின் மதிப்பை அவர்கள் எவ்வளவு நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள்.

அழகு அவரவர் விருப்பம். ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருப்பது நல்லது. அரக்கு மெருகு சூட்டையும் தண்ணீரையும் தாங்காது. சுடச்சுடக் காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வட்டம் விழும். ஆனால் பழைய அரக்கு புது ஸ்பிரிட்டில் மறுபடியும் கரையும். எனவே வட்டம் விழுந்த இடத்தில் மட்டும் தேய்த்தால் புதுப்பூச்சு பழைய பூச்சோடு ஒன்றாகக் கலந்துவிடும். இன்றைய பாலியூரித்தேன் பூச்சு பல வருடம் தாங்கும், ஆனால் கீறல் விழுந்தால் பெரும்பாலும் மொத்தத்தையும் சுரண்டித்தான் ஆகவேண்டும். ஒவ்வொரு சுரண்டலிலும் கொஞ்சம் மரமும் போகும். பாட்டன் கட்டில் பேரன் வரை வந்ததற்குத் தேக்கு பாதிக் காரணம் என்றால், பழுது பார்க்க இடம் கொடுத்த அந்த அரக்கு மீதிக் காரணம்.

பெயரைக் காப்பாற்றிய ஊர்களும் இல்லாமல் இல்லை. குஜராத்தில் சங்கேடா என்ற சிற்றூரில் தேக்கைக் கடைந்து, வெள்ளீயக் கலவையால் வெள்ளி நிறத்தில் பூ வரைந்து, அதன்மேல் அரக்கு ஏற்றுவார்கள். அரக்கின் மஞ்சள் பட்டதும் வெள்ளி பொன்னாக மாறித் தெரியும். அந்த ஊஞ்சலும் சோபாவும் எந்தத் துறைமுகத்தில் ஏறினாலும் 'சங்கேடா' என்ற பெயரோடுதான் ஏறும். அதற்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. 1999-ல் இயற்றி 2003-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் தந்த பாதுகாப்பு அது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இந்தச் சட்டத்தை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2019-ல் இந்த ஊர்ப் பால்கோவாவுக்கு அந்தக் குறியீடு கிடைத்தது. நாளைக்கே யாராவது அதை வாங்கி, வேறு டப்பாவில் அடைத்து, வேறு ஊர்ப் பெயரில் விற்றால் ஊரே சண்டைக்குப் போகும். ஜார்க்கண்ட் காட்டில் அரக்குச் சுரண்டியவர்களுக்கு அப்படிச் சண்டை போட ஒரு சட்டம் அன்று இல்லை. கப்பல் நின்ற இடமும் கடை இருந்த இடமும் பெயர் வாங்கிக்கொண்டன. அடுத்த முறை பாலிஷ்காரர் பாட்டிலைத் திறக்கும்போது அதை 'அரக்கு பாலிஷ்' என்று சொல்லிப் பார்க்கலாம். அதற்குச் சட்டம் எதுவும் தேவையில்லை.