வளைவில் திரும்பும் ஹெட்லைட்: காசு கொடுக்கலாமா?

மாலை நடைப்பயிற்சியில் நம் பிளாக் நண்பர் ஒருவர் கேட்டார்: "சார், பையன் ஜெர்மனியில ஸ்போர்ட்ஸ் கார் புக் பண்ணப் போறான். வளைவுல தானாத் திரும்புற ஹெட்லைட்டுக்குத் தனியா காசு கேக்குறாங்களாம். அது தேவையா, வீண் செலவா?" ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிக்க முடியாததால், இந்தக் காலாண்டு வரலாற்றுப் பக்கத்தை இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலில் தெரிய வேண்டியது, இது புதுச் சரக்கு அல்ல. 1920களின் இறுதியிலேயே அமெரிக்காவில் 'பைலட் ரே' என்ற பெயரில் கூடுதல் விளக்குகள் விற்றார்கள். முன்புறம் பொருத்தி, ஸ்டீயரிங்கோடு இணைத்துவிட்டால், சக்கரம் திரும்பும் பக்கம் விளக்கும் திரும்பும். வாங்கியவர்கள் டூசன்பெர்க், பேக்கார்டு போன்ற கார்களை வைத்திருந்த பெரும் பணக்காரர்கள். 1948ல் பிரெஸ்டன் டக்கர் தயாரித்த காரில் மூக்கின் நடுவே மூன்றாவது விளக்கு ஒன்று இருந்தது. ஸ்டீயரிங் 10 டிகிரிக்கு மேல் திரும்பினால் அது விழித்துக்கொண்டு வளைவைப் பார்க்கும். இரண்டு ஹெட்லைட்டுக்கு மேல் கூடாது என்ற சட்டம் சில மாநிலங்களில் இருந்ததால், அங்கே ஓட்டுவதற்கு அந்தக் கண்ணை மூட ஒரு மூடியும் செய்தார்கள். முன்மாதிரியையும் சேர்த்து 51 கார்களோடு டக்கர் கம்பெனி முடிந்துபோனது.

இந்த யோசனையைச் சாதாரணச் சாலைக்குக் கொண்டுவந்த பெருமை பிரான்சின் சிட்ரோயனுக்குத்தான். 1955ல் அறிமுகமான டி.எஸ். காருக்கு 1967ல் புது முகம் வைத்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டு விளக்குகள். உள்பக்க விளக்கு ஸ்டீயரிங்கோடு சேர்ந்து திரும்பும். வெளிப்பக்க விளக்கு, கார் முன்னால் குனிந்தாலும் பின்னால் அமர்ந்தாலும் ஒளி ஒரே மட்டத்தில் விழும்படி தன்னைச் சரிசெய்துகொள்ளும். கம்ப்யூட்டர் கிடையாது, மோட்டார் கிடையாது; எல்லாம் கம்பியும் நெம்புகோலும் செய்த வேலை. வளைவும் நெளிவுமான பிரெஞ்சுக் கிராமச் சாலைகளில் இரவில் ஓட்டுகிறவருக்கு, திருப்பத்துக்கு அப்பால் மாட்டு வண்டி நிற்கிறதா மரம் நிற்கிறதா என்று முன்கூட்டித் தெரிவது சின்ன விஷயமா?

நம் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது 1970ல் ஜெனீவா கண்காட்சியில் வந்த சிட்ரோயன் எஸ்.எம். இது அசல் அதிவேகக் கார். மாசெராட்டி தயாரித்த வி6 எஞ்சின், மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் வேகம். முகத்தில் ஆறு விளக்குகள். உள்பக்க இரண்டும் வளைவைத் தேடித் திரும்பும். ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் திருப்ப இரண்டே சுற்று போதும் என்பதால், கை சற்று அசைந்தாலே விளக்கும் கூடவே ஓடும். அந்த வேகத்தில் போகிற காருக்கு இது ஆடம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அதே எஸ்.எம். அமெரிக்காவுக்குப் போனபோது ஆறு விளக்குகள் நான்காயின. முன்கண்ணாடியும் போயிற்று, திரும்பும் வசதியும் போயிற்று. அசையாத நான்கு வட்ட விளக்குகள் மட்டும். 1940 முதலே அந்த நாட்டில் ஹெட்லைட் என்றால் குறிப்பிட்ட அளவில், மூடி முத்திரையிட்ட ஒரே துண்டாக இருக்க வேண்டும் என்ற விதி. அதிலும் ஒரு நியாயம் உண்டு: எந்த ஊரில் விளக்கு போனாலும் அருகிலுள்ள கடையில் மலிவாக மாற்றிக்கொள்ளலாம். இன்று ஒரு ஹெட்லைட் உடைந்தால் முழுத் தொகுதியையும் மாற்றி, கேமராவோடு மறுபடி இசைவித்து, பில்லைப் பார்த்து மூச்சு வாங்குகிறவர்களுக்கு அந்த நியாயம் புரியும். ஆனால் விலை? வளைவுகளில் இருட்டு. 1972ல் 'மோட்டார் டிரெண்ட்' பத்திரிகை எஸ்.எம்.முக்கு ஆண்டின் சிறந்த கார் விருது கொடுத்தது. விருது வாங்கியது அமெரிக்க வடிவம், அதாவது கண் கட்டிய குதிரை.

1975ல் எஸ்.எம். நின்றது. அதன்பின் நீண்ட காலம் இந்த விளக்கைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2003 வாக்கில் ஐரோப்பிய விதிகள் இடம் கொடுக்க, பி.எம்.டபிள்யூ., மெர்சிடீஸ், ஓப்பல் என்று வரிசையாகத் திரும்ப வந்தது. இப்போது கம்பிக்குப் பதில் மின் மோட்டார். ஸ்டீயரிங்கின் கோணத்தோடு காரின் வேகத்தையும் கணக்கில் எடுத்து விளக்கு எவ்வளவு திரும்ப வேண்டும் என்று முடிவு செய்கிறது.

சரி, பலன் உண்டா? கதையைவிட எண்களைக் கேட்போம். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் ஆதரவில் நடக்கும் ஐ.ஐ.எச்.எஸ். என்ற சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிலையம் இதைச் சோதித்தது. இருண்ட வளைவுச் சாலையில், கண்ணுக்கு எளிதில் படாத பொருளை, திரும்பும் விளக்கு உள்ளவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு நொடி முன்னதாகப் பார்த்தார்கள். அற்பமாகத் தோன்றும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார் அந்த நேரத்தில் 7 மீட்டருக்கு மேல் கடந்துவிடும்; ஒன்றரைக் கார் நீளம். இடிப்பதற்கும் இடிக்காமல் நிற்பதற்கும் இடையே பல நேரங்களில் அவ்வளவுதான் இருக்கிறது.

2012ல் வெளியான இன்னொரு கணக்கு சுவாரஸ்யமானது. அந்த நிலையத்தின் துணை அமைப்பு காப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராய்ந்ததில், இந்த விளக்குள்ள கார்கள் பிறர் வாகனத்துக்குச் சேதம் விளைவித்ததாக வந்த கோரிக்கைகள் 10 சதவீதம் வரை குறைந்திருந்தன. ஆய்வாளர்களே வியந்தார்கள். காரணம், இரவு 9 முதல் காலை 6 வரை ஒன்றுக்கு மேற்பட்ட வாகனங்கள் மோதும் விபத்துகள் மொத்தத்தில் சுமார் 7 சதவீதம்தான். வளைவில் நடப்பவை அதிலும் குறைவு. அப்படியானால் பலன் முழுவதும் 'திரும்புவதால்' வந்திருக்க முடியாது; அந்தக் கார்களில் விளக்கே பொதுவாக மேலானதாக இருந்திருக்கலாம்.

இந்த ஐயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் 2016ல் அதே நிலையம் 31 நடுத்தர அளவுக் கார்களின் ஹெட்லைட்டைச் சோதித்தபோது 'நன்று' வாங்கியது ஒன்றே ஒன்று, டொயோட்டா பிரியஸ் வி. சாதாரணக் குடும்ப வண்டி! விலை உயர்ந்த கார்கள் பல பின்தங்கின. திரும்பும் வசதி இருந்தும் சில விளக்குகள் சுமாராகவே தேறின. திரும்புகிற மோசமான விளக்கைவிட, நேராகப் பார்க்கிற நல்ல விளக்கு மேல்.

ஸ்போர்ட்ஸ் காருக்கு இதில் தனிச் சங்கடமும் உண்டு. மூக்கு தாழ்ந்திருப்பதால் விளக்கும் தாழ்ந்திருக்கும். ஒளி சாலையை உரசிக்கொண்டு போகும். விளக்கு தரையிலிருந்து இவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்ற விதியைச் சமாளிக்கத்தான் அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களில் பொத்தானை அழுத்தினால் மேலெழும் விளக்குகள் இருந்தன. ஓட்டுகிறவரும் தாழ்வாகவே அமர்ந்திருப்பதால் எதிரில் வரும் உயரமான வண்டிகளின் வெளிச்சம் நேராகக் கண்ணில் அடிக்கும். அத்தோடு வேகம் வேறு.

2013ல் ஆவுடி ஏ8 கொண்டுவந்த 'மேட்ரிக்ஸ்' விளக்கு வேறு ரகம். ஒவ்வொரு பக்கமும் ஹை பீமுக்கு 25 சிறு எல்.இ.டி.கள். எதிரே வரும் காரைக் கேமரா கண்டதும், அந்தக் காரின் மேல் விழும் துண்டை மட்டும் அணைத்துவிட்டு மற்ற இடமெல்லாம் ஹை பீமாகவே வைத்திருக்கும். டிம் அடிக்க மறக்கும் நம் மக்களுக்கு இதைவிட நல்ல பரிசு இல்லை. அமெரிக்காவில் இதற்கும் தடை. அங்கே அந்த வசதி செயல்படாமலே கார்கள் விற்றன. 2013ல் டொயோட்டா மனுக் கொடுத்து, 2022 பிப்ரவரியில்தான் விதி மாறியது.

ஆகவே நண்பருக்கு நான் சொன்னது இதுதான். பையன் இரவில், விளக்கில்லாத கிராமச் சாலையிலோ மலைச் சாலையிலோ அடிக்கடி ஓட்டுவான் என்றால் தாராளமாகக் கொடுக்கட்டும். அதிலும் மேட்ரிக்ஸ் கிடைத்தால் அதற்குக் கொடுக்கட்டும். வேகமெல்லாம் பகலில், இரவில் நகரத்துக்குள் மட்டும் என்றால், அடிப்படை எல்.இ.டி. விளக்கே சோதனையில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மிச்சப்பட்ட காசில் நல்ல டயர் வாங்கலாம். எதை எடுத்தாலும் ஒரு சிறு விபத்துக்குப் பிறகு விளக்கின் மட்டத்தைச் சரிபார்க்காமல் விட்டால் கொடுத்த காசு எதிரில் வருகிறவர் கண்ணைக் கூசவைக்கத்தான் பயன்படும்.

எஸ்.எம். கதைக்கு ஒரு பின்குறிப்பு. அமெரிக்காவில் அந்தக் காரை இன்றும் பாதுகாத்து வைத்திருப்பவர்களில் சிலர், ஐரோப்பாவிலிருந்து ஆறு விளக்கு முகத்தைத் தேடி வரவழைத்து மாட்டியிருக்கிறார்கள்.