மத்யோ பூத்தையல்

ஹங்கேரியின் வடகிழக்கில் மெசோகோவெஷ்ட் நகரிலும் அதையொட்டிய டார்ட், சென்டிஷ்ட்வான் ஊர்களிலும் வாழும் மத்யோ மக்களின் கைத்தையல் கலை. 2012இல் யுனெஸ்கோ இக்கலையை மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இதழ் அடுக்கிய ரோஜாவே தலையாய உரு. கறுப்புத் துணியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை நூல்கள் நெருக்கமாகப் பூத்துக் கிடக்கும். வெற்றிடம் விடுவது மத்யோ வழக்கமில்லை. இளைஞர்கள் அணியும் நீண்ட முன்னாடைகூடப் (ஏப்ரன்) பூக்களால் நிறைந்திருக்கும்.

பெரும்பாலும் சாட்டின் தையல்தான். இதழின் ஒரு விளிம்பில் ஊசியை ஏற்றி எதிர் விளிம்பில் இறக்கி, நூலை நூலோடு ஒட்டிப் படுக்கவிட வேண்டும். இழுத்துப் பிடித்தால் துணி சுருங்கும். தளர விட்டால் நூல் தொங்கும். கற்பவரின் கை பழகுவது இங்கேதான்.

ஆனால் தைப்பதைவிடக் கடினம் வரைவது. துணியில் உருக்களை வரைந்து கொடுப்பதற்கென்றே சில பெண்கள் இருந்தனர். அவர்களில் பெரும் புகழ் பெற்றவர் கிஷ் யாங்கோ போரி (1876–1954). மெசோகோவெஷ்டில் அவர் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகம்.

வீட்டில் தாயும் பாட்டியும் சொல்லித் தருவதே பழைய வழி. 1991இல் தொடங்கிய மத்யோ நாட்டார் கலைச் சங்கம் இக்கலையைக் கற்பித்து வருகிறது. கூடித் தைக்கும் பெண்கள், பெயர்பெற்ற மூத்த கலைஞர்களிடமிருந்தும் நுணுக்கங்களைக் கற்கின்றனர்.