மெய்நிகர் உலகங்களும் ஒளித்தூண்டல் வலிப்பும்

மின்னி மின்னி மறையும் ஒளியோ நெருக்கமான கோடுகள் கொண்ட வடிவமோ கண்ணில் பட்டதும், மூளையின் பார்வைப் பகுதி அளவுக்கு மீறிக் கிளர்ந்து ஏற்படும் வலிப்பு ஒளித்தூண்டல் வலிப்பு எனப்படும். பொதுமக்களில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு இந்த இயல்பு உண்டு என்பது வழக்கமாகத் தரப்படும் கணக்கு. ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவர்களிடையே நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேருக்கு இது இருக்கலாம். பெரும்பாலும் 7 வயதுக்கும் 19 வயதுக்கும் இடையில் வெளிப்படும். பெண் பிள்ளைகளிடம் சற்றுக் கூடுதல். ராப்லாக்ஸ் போன்ற மெய்நிகர் உலகங்களில் பிள்ளைகள் மூழ்கிக் கிடக்கும் வயதும் ஏறத்தாழ இதுதான்.

எல்லா மினுக்கமும் ஆபத்தானதல்ல. நொடிக்கு 3 முதல் 60 தடவை வரையான மினுக்கம் வலிப்பைத் தூண்டக்கூடும். 15க்கும் 25க்கும் இடைப்பட்டதே மிக மோசம். வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு கூடக்கூட, பார்வைப் பரப்பில் அது அடைத்துக்கொள்ளும் இடம் பெருகப் பெருக, தூண்டலும் கூடும். அடர்சிவப்பு தனி ரகம்: ஒளியின் அளவு பெரிதாக மாறாமல், நிறம் மட்டும் சிவப்புக்கும் நீலத்துக்கும் தாவினாலே போதும். ஒரு கண்ணால் பார்ப்பதைவிட இரு கண்ணாலும் பார்க்கும்போது பாதிப்பு அதிகம். தூக்கமின்மை தாங்கும் அளவைக் குறைத்துவிடும். பள்ளி விடுமுறையில் விடிய விடிய விளையாடிய பிள்ளைக்கு அதிகாலையில் வலிப்பு வந்தால், திரையை மட்டும் குற்றம் சொல்வது சரியாகாது.

திரைகள் வருவதற்கு முன்பே இந்த நோய் இருந்தது. சாய்ந்த வெயிலில் மரவரிசையை ஒட்டி வண்டியில் போகிறவரின் கண்ணில் வெளிச்சமும் நிழலும் மாறி மாறி விழுவது மருத்துவ நூல்கள் சொல்லும் பழைய தூண்டல்களில் ஒன்று. மலேசியாவின் மலாக்காவில், தெங்கேராவிலிருந்து ஜாசின், அலோர் காஜா பக்கத் தோட்டங்களுக்கு மோட்டார் சைக்கிளில் போய்வருகிறவர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ரப்பர் மரங்கள் மூன்று மீட்டருக்கு ஒன்றாக நிற்கின்றன, வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று கொண்டால் நொடிக்கு ஐந்தரை மினுக்கம்; ஆபத்து எல்லைக்குள் வந்துவிடுகிறது. செம்பனையை ஒன்பது மீட்டர் இடைவெளியில் நடுவதே வழக்கம் என்பதால் அதே வேகத்தில் நொடிக்கு இரண்டுகூடத் தேறாது. ரப்பர்க் காடுகள் செம்பனைக்கு மாறியதில் இந்த ஒரு வகையிலாவது நன்மை உண்டு என்று வேடிக்கையாகச் சொல்லலாம். தொலைக்காட்சியைக் கிட்டே உட்கார்ந்து பார்க்காதே என்று தோட்டத்துப் பாட்டிகள் அதட்டியதிலும் நியாயம் இருந்தது. மலேசியாவின் பழைய குழாய்த் தொலைக்காட்சிகள் நொடிக்கு 50 தடவை மினுங்கின. நெருங்கிப் பார்த்தால் அதில் பாதி வேகத்து மினுக்கமும் கண்ணுக்கு எட்டும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இருந்த 60 தடவைத் திரைகளைவிட இவை தூண்டும் தன்மை கூடியவை.

   

திரையால் வந்த பெருநிகழ்வு ஜப்பானில் நடந்தது. 1997 டிசம்பர் 16 மாலை டிவி டோக்கியோ நிலையம் போக்கிமோன் கார்ட்டூன் தொடரின் 38ஆம் பகுதியை ஒளிபரப்பியது. கதை நடப்பது ஒரு கணினிக்குள். பாத்திரங்கள் அந்த மெய்நிகர் வெளிக்குள் நுழைகிறார்கள். பிகாச்சு என்ற பாத்திரத்தின் மின்னல் ஏவுகணைகளைத் தாக்கும் கட்டத்தில் திரை முழுவதும் சிவப்பும் நீலமுமாக, நொடிக்கு 12 தடவை என்ற கணக்கில், சில நொடிகள் மாறி மாறி மின்னியது. 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுபோகப்பட்டனர், பெரும்பாலோர் பிள்ளைகள். அவர்கள் எல்லாருக்குமே வலிப்பு வந்தது என்றில்லை. தலைவலி, குமட்டல், மயக்கத்தோடு போனவர்களும் உண்டு. ஆனால் வலிப்பு வந்தவர்களில் பலருக்கு அதற்குமுன் ஒரு தடவைகூட வந்ததில்லை. அன்றிரவு செய்தியில் அதே காட்சியை மறுபடி காட்டியதில் மேலும் சிலர் பாதிக்கப்பட்டது அந்தச் சம்பவத்தின் கொடுமையான வால். தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டது. அந்தப் பகுதி பிறகு ஒளிபரப்பப்படவே இல்லை.

விதிமுறைகள் இத்தகைய நிகழ்வுகளின் பின்னால்தான் வந்தன. பிரிட்டனில் 1993இல் ஒரு நூடுல்ஸ் விளம்பரம் பார்த்தவர்களுக்கு வலிப்பு வந்ததையடுத்து அங்கே ஒளிபரப்பு விதிகள் எழுதப்பட்டன. ஆஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரஹாம் ஹார்டிங் அதில் முன்னின்றார். காட்சிகளைச் சோதிக்கும் மென்பொருள் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. ஜப்பான் 1998இலும், அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2005இலும் வழிகாட்டிகளை வெளியிட்டன. திரையில் பெரிய பரப்பில் நொடிக்கு மூன்று மினுக்கத்துக்கு மேல் கூடாது என்பதே எல்லாவற்றின் சாரம்.

இந்த விதிகளெல்லாம் ஒளிபரப்புமுன் ஒருவர் படத்தைப் பார்த்துச் சரிசெய்ய முடியும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. கணினி விளையாட்டிலோ காட்சி எப்படி அமையும் என்பது ஆடுகிறவரின் கையைப் பொறுத்தது. ஆனால் சைபர்பங்க் 2077 விளையாட்டில் நடந்ததற்கு அந்தச் சமாதானமும் பொருந்தாது. 2020 டிசம்பரில் அது வெளிவருவதற்குச் சில நாள் முன்பு, மதிப்புரைக்காக விளையாடிய ஒரு பத்திரிகையாளர் தமக்குப் பெரிய வலிப்பு வந்ததாக எழுதினார். பிறர் நினைவுக்குள் நுழையும் கட்டத்தில், பாத்திரம் தலையில் மாட்டும் கருவியின் சிவப்பு, வெள்ளை விளக்குகள் கண்ணெதிரே படபடவென மின்னும். அது எல்லா ஆட்டக்காரருக்கும் ஒரேபோல வரும் காட்சி. நரம்பியல் மருத்துவர்கள் வலிப்பைத் தூண்டிப் பார்க்கும் விளக்கை அது அப்படியே ஒத்திருந்ததாக அவர் குறிப்பிட்டார். நிறுவனம் முதலில் எச்சரிக்கை சேர்த்தது; விளையாட்டு வெளியான மறுநாளே மினுக்கத்தைக் குறைத்தது. மற்றொரு விளையாட்டு நிறுவனமான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 2023இல், மினுக்கத்தைச் சோதிக்கும் தன் கருவியான ஐரிஸை எவரும் பயன்படுத்தும்படி திறந்துவிட்டது.

மெய்நிகர் உலகங்களைக் காணத் தலையில் மாட்டும் கருவிகளைப் பற்றிய அச்சம் ஓரளவு மிகைப்பட்டது. அவற்றின் திரை நொடிக்கு 72 முதல் 120 தடவை புதுப்பிக்கப்படுவதால் கருவியின் சொந்த மினுக்கம் ஆபத்து எல்லைக்கு வெளியே இருக்கிறது. அமெரிக்க மருத்துவர்கள் டைக்சன், தியோ ஆகியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வுரையும், முப்பரிமாணக் காட்சியே பிள்ளைகளின் வலிப்பைக் கூட்டுகிறது என்பதற்குச் சான்றில்லை என்றே கூறியது. சிக்கல் உள்ளடக்கத்தில்தான். கையில் பிடிக்கும் தொலைபேசித் திரை பார்வைப் பரப்பில் சிறு பகுதி. தலைக்கருவியோ அநேகமாக முழுவதையும் மூடிவிடும். முகத்தைத் திருப்பினாலும் படம் கூடவே திரும்பும்.

செகண்ட் லைஃப், விஆர்சாட் போன்ற உலகங்களில் காட்சியை உருவாக்குகிறவர்களும் பயனர்களே. பக்கத்தில் வந்து நிற்கும் அந்நியரின் உருவமே திரை முழுக்க மின்னும்படி செய்யப்பட்டிருக்கலாம். விஆர்சாட்டின் பாதுகாப்பு அமைப்பில் அறிமுகமற்றவர்களின் ஒளி விளைவுகளையும் துகள் விளைவுகளையும் அணைத்துவைக்க முடியும். பிள்ளைக்குக் கருவி வாங்கித் தருகிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. வேண்டுமென்றே இப்படித் தாக்குவது வெறும் குறும்பல்ல. வலிப்பு நோயாளிகளைக் குறிவைத்து மினுக்கப் படம் அனுப்புவதை பிரிட்டனின் 2023ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம் தனிக் குற்றமாக்கியது.

ஒளியால் வலிப்புக்கு ஆளாகும் இயல்பை ஈ.ஈ.ஜி. சோதனையில், வெவ்வேறு வேகத்தில் விளக்கை மின்னவிட்டு, மூளை அலைகளின் மாற்றத்தைப் பார்த்துக் கண்டறிவார்கள். வால்புரோயேட் நன்கு பலன் தரும் மருந்து. கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கும் என்பதால் பெண்களுக்குத் தருவதில் கட்டுப்பாடு உண்டு. ஒருவகை நீலக் கண்ணாடியும் உதவும்: இத்தாலியில் 610 பேரிடம் நடத்தி 2006இல் வெளியான ஆய்வில், பெரும்பாலோரிடம் மூளை அலைகளின் அந்த எதிர்வினை குறைந்தது அல்லது மறைந்தது.

மினுக்கம் தொந்தரவு செய்வதாகத் தோன்றினால் ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு திரும்பிவிட வேண்டும். இரு கண்ணையும் சட்டென மூடுவது சிலருக்கு நிலைமையை மோசமாக்கும். இமை வழியாகவும் ஒளி புகும். தலைக்கருவி மாட்டியிருப்பவர் அதைக் கழற்றுவதே வழி. இழுப்பு வந்துவிட்டால் கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிக்கும் வழக்கம் தோட்டப்புறங்களில் இன்னும் போகவில்லை; அதனால் பயன் ஏதுமில்லை, கையில் காயம் படுவதே மிச்சம். வாயில் எதையும் வைக்கக் கூடாது, அமுக்கிப் பிடிக்கவும் கூடாது. இழுப்பு ஓய்ந்ததும் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். ஐந்து நிமிடம் கடந்தும் நிற்காவிட்டால் 999ஐ அழைக்க வேண்டும்.