வட்டி குறித்த கிறித்தவ நோக்கு

கடனாகக் கொடுத்த பணத்துக்கு வட்டி வாங்குவது அறமாகுமா என்னும் கேள்வி கிறித்தவ ஒழுக்கவியலில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வரும் ஒன்றாகும். தொடக்கத்தில் வட்டி முழுமையாகவே கண்டிக்கப்பட்டது. பின்னர் நியாயமான வட்டி ஏற்கப்பட்டு, கடன்பட்டவரைச் சுரண்டும் கடுவட்டி மட்டுமே பாவமெனக் கருதப்படலாயிற்று.

விவிலியத்தில் வட்டி

பழைய ஏற்பாட்டில் விடுதலைப் பயணம் (22:25), லேவியர் (25:35-37) ஆகிய நூல்கள் வறியவருக்குக் கொடுத்த கடனுக்கு வட்டி வாங்குவதைத் தடை செய்கின்றன. கடனை அடைக்க இயலாத உழவர்கள் நிலங்களை அடகு வைத்ததையும், பிள்ளைகளை அடிமைகளாக்க நேர்ந்ததையும் நெகேமியா நூலின் 5ஆம் அதிகாரம் காட்டுகிறது. இணைச் சட்டம் (23:19-20) இசுரயேலர் தமக்குள் வட்டி வாங்குவதைத் தடுத்தாலும் அயலாரிடம் வாங்க இசைவளிக்கிறது.

புதிய ஏற்பாட்டில், எதையும் எதிர்பாராமல் கடன் கொடுக்க வேண்டும் என்று இயேசு கற்பிக்கிறார் (லூக்கா 6:35). ஆனால் தாலந்து உவமையில் வரும் தலைவர், பணத்தை வட்டிக்குக் கொடுக்காத பணியாளரைக் கடிந்துகொள்கிறார் (மத்தேயு 25:27).

திருச்சபையின் தடைகள்

கி.பி. 325இல் கூடிய முதலாம் நிசேயா சங்கம் குருக்கள் வட்டி வாங்குவதைத் தடை செய்தது. 1179இல் மூன்றாம் இலாத்தரன் சங்கம், வெளிப்படையாக வட்டித்தொழில் செய்வோருக்கு நற்கருணையும் கிறித்தவ அடக்கமும் மறுக்கப்பட வேண்டும் என ஆணையிட்டது.

இத்தடைக்கு மெய்யியல் விளக்கம் அளித்தவர்களுள் தாமசு அக்குவைனா (இறப்பு 1274) முதன்மையானவர். திராட்சை இரசத்தைப் போலவே பணமும் பயன்படுத்தும்போதே செலவாகிவிடுகிறது; எனவே பணத்துக்கு ஒரு விலையும் அதன் பயன்பாட்டுக்கு மற்றொரு விலையும் கேட்பது இல்லாத ஒன்றை விற்பதாகும் என்பது அவரது வாதம். எனினும் இலாப நட்டத்தில் பங்கேற்கும் கூட்டு வணிகத்தை அவர் தடுக்கவில்லை. கடன் கொடுத்ததால் நேர்ந்த இழப்புக்கு ஈடு பெறலாம் என்ற கருத்தும் படிப்படியாக வலுப்பெற்றது.

விளைவுகள்

தடையினால் கடனின் தேவை மறையவில்லை. நிலவுடைமையும் பல தொழில்களும் மறுக்கப்பட்டிருந்த யூதர்களில் சிலர் வட்டித்தொழிலில் ஈடுபட்டனர். ஆட்சியாளர் அவர்களிடம் பெரும் வரி வாங்கினர். மக்களோ அவர்களையே வெறுத்தனர். இவ்வெறுப்பு வன்முறைக்கும் வழிவகுத்தது. 1290இல் யூதர்கள் இங்கிலாந்திலிருந்து வெளியேற்றப்பட்டனர்.

ஏழைகளுக்குக் குறைந்த செலவில் கடன் கிடைக்க, பிரான்சிசுக்கன் துறவியரின் முயற்சியால் 1462இல் இத்தாலியின் பெருசியா நகரில் அறக்கட்டளை அடகுக்கடை ஒன்று நிறுவப்பட்டது. இத்தகைய நிறுவனங்கள் நிர்வாகச் செலவுக்காகச் சிறு தொகை பெறுவது வட்டியாகாது என 1515இல் ஐந்தாம் இலாத்தரன் சங்கம் தீர்ப்பளித்தது.

சீர்திருத்தக் காலமும் பின்னரும்

மார்ட்டின் லூதர் வட்டியைக் கடுமையாகச் சாடினார். ஜான் கால்வினோ, வணிகருக்குக் கொடுக்கும் கடனையும் வறியவருக்குக் கொடுக்கும் கடனையும் வேறுபடுத்தி, முன்னதற்கு அளவான வட்டி வாங்கலாம் என்றார். இங்கிலாந்தில் 1545இல் பத்து விழுக்காடு வரையிலான வட்டிக்குச் சட்டம் இடமளித்தது. அச்சட்டம் 1552இல் நீக்கப்பட்டு 1571இல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

1745இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் பழைய தடையை உறுதிப்படுத்தினார். ஆயினும் கடன் ஒப்பந்தத்துக்குப் புறம்பான நியாயமான காரணங்களை ஏற்றுக்கொண்டார். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அளவு மீறாத சட்டபூர்வ வட்டியை ஏற்றது.

தற்கால நோக்கு

1992இல் வெளியான கத்தோலிக்க மறைக்கல்வி நூல், பசிக்கும் சாவுக்கும் இட்டுச்செல்லும் கடுவட்டியை மறைமுகக் கொலையாகக் கருதுகிறது. லேவியர் நூல் கூறும் யூபிலி ஆண்டின் அடிப்படையில், ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யக் கோரும் யூபிலி 2000 இயக்கத்தில் பல திருச்சபைகள் பங்கேற்றன. இவ்வாறு, வட்டி வாங்கலாமா என்ற பழைய கேள்வியின் இடத்தில், கடன்பட்டவரின் வாழ்வு அதனால் என்னவாகிறது என்ற கேள்வி முதன்மை பெற்றுள்ளது.