நார்மண்டி தரையிறக்கத்தில் வணிகக் கப்பல் மாலுமிகள்

1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கின. படையெடுப்பின் கடற்பகுதிக்கு ‘ஆபரேஷன் நெப்டியூன்’ என்று பெயர். அதில் ஈடுபட்ட ஏறத்தாழ 7,000 கலங்களில் 864 வணிகக் கப்பல்கள். இந்த வணிகக் கப்பல்களில் பெரும்பாலானவற்றை ஓட்டியவர்கள் கடற்படையினர் அல்லர். சரக்குக் கப்பலிலும் பயணிகள் கப்பலிலும் சம்பளத்துக்கு வேலை பார்த்த சாதாரணக் குடிமக்கள். தரையிறக்கம் என்றாலே மார்பளவு தண்ணீரில் குதிக்கும் சிப்பாய்தான் நினைவுக்கு வருகிறார். அவரைக் கொண்டுவந்து சேர்த்தவர்களும், அவருக்கான குண்டு, பெட்ரோல், ரொட்டி எல்லாவற்றையும் அடுத்த பல வாரங்கள் ஏற்றிவந்தவர்களும் கல்வெட்டில் இடம்பெற வெகுகாலம் பிடித்தது.

சமாதான காலத்தில் விடுமுறைப் பயணிகளை ஏற்றிய கப்பல்கள் பல, அன்று துருப்புகளை ஏற்றின. பாயின்ட் து ஹோக் செங்குத்துப் பாறையில் தொற்றி ஏறிய அமெரிக்க ரேஞ்சர்களில் ஒரு பகுதியினர் வந்தது, ஐல் ஆஃப் மேன் தீவின் ‘பென்-மை-க்ரீ’ என்ற பயணிகள் கப்பலில். சிறிய சரக்குக் கப்பல்களின் பாடு இன்னும் விசித்திரம். நீர் ஏறும்போது கரைவரை வந்து வேண்டுமென்றே மணலில் தரைதட்டி நிற்கும். நீர் வற்றியதும் லாரிகள் பக்கத்திலேயே வந்து சரக்கை ஏற்றிக்கொள்ளும். தரைதட்டாமல் ஓட்டுவதையே தொழிலாகக் கற்ற மாலுமிக்கு அது எளிதில் மனம் ஒப்பும் வேலையாக இருந்திருக்காது.

அதைவிடக் கடினமான வேலையும் ஒன்று இருந்தது: சொந்தக் கப்பலையே மூழ்கடிப்பது. நார்மண்டியில் கைப்பற்றிய கரைகளில் பெரிய துறைமுகம் இல்லை. படைகள் இறங்கிய ஐந்து கடற்கரைகளுக்கும் அலைதடுப்பு அமைக்க, ‘கூஸ்பெரி’ என்ற சங்கேதப் பெயரில் ஏறக்குறைய 60 பழைய கப்பல்கள் ஒதுக்கப்பட்டன. சில ஓய்வுபெற்ற போர்க்கப்பல்கள். பெரும்பாலானவை தேய்ந்துபோன வணிகக் கப்பல்கள். அடிவயிற்றில் வெடிமருந்து கட்டிய நிலையில் அவற்றை மாலுமிகள் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து ஓட்டிவந்தனர். ஜூன் 7 முதல், ஜெர்மன் பீரங்கிகள் சுடச்சுட, ஒன்றன் பின் ஒன்றாக வரிசைபிடித்து நிறுத்தி, வெடிவைத்துத் தரையில் அமர்த்தினர். ஜூன் 19-இல் தொடங்கிய புயல், அந்த ஐந்தில் ஒன்றான ‘ஒமாஹா’ கரையில் இருந்த ‘மல்பெரி’ செயற்கைத் துறைமுகத்தை நொறுக்கியது. அந்த நான்கு நாட்களில் சிறு படகுகள் பலவற்றுக்கு ஒதுங்க இடம் கொடுத்தவை இந்த மூழ்கிய கப்பல்களே.

கரை கைப்பற்றப்பட்ட பிறகும் ஆபத்து தீரவில்லை. ஜூன் 24 அன்று, ஐந்து கரைகளில் மற்றொன்றான ‘ஸ்வோர்ட்’டுக்கு அப்பால் ‘டெரிகுனிஹி’ என்ற கப்பல் கண்ணிவெடியில் சிக்கிப் பிளந்தது. அதில் வந்த பிரிட்டிஷ் படைப்பிரிவில் மட்டும் சுமார் 180 பேர் இறந்தனர். கப்பலின் மாலுமிகள் பலரும் அவர்களோடு மாண்டனர்.

பிரிட்டிஷ் வணிக மாலுமிக்குக் கட்டாயச் சீருடை கிடையாது. ஊரில் தெருவில் நடக்கும்போது ‘போருக்குப் போகாதவன்’ என்ற பேச்சைத் தவிர்க்க, சட்டையில் குத்திக்கொள்ளும் ‘எம்.என்.’ (மெர்ச்சன்ட் நேவி) என்ற சிறு வெள்ளிநிறச் சின்னமே துணை. அவர்களுக்குக் கூலி அதிகம் என்ற முணுமுணுப்பும் இருந்தது. 1941 மே மாதம் வரை பிரிட்டிஷ் கப்பல் மூழ்கிய நாளோடு அதன் மாலுமியின் சம்பளமும் நின்றுவிடும் என்பதை அப்படிப் பேசியவர்கள் கணக்கில் சேர்த்ததாகத் தெரியவில்லை.

லண்டன் டவர் ஹில்லில் இரண்டாம் உலகப்போர் மாலுமிகளுக்கான நினைவிடம் 1955 நவம்பரில் திறக்கப்பட்டது. கடலைத் தவிர வேறு கல்லறை இல்லாத ஏறத்தாழ 24,000 பேரின் பெயர்கள் கப்பல்வாரியாக அங்கே பொறிக்கப்பட்டுள்ளன. பிரிட்டிஷ் கப்பல்களில் உழைத்து இறந்த இந்திய மாலுமிகளில் பெரும்பாலோர் அந்தச் சுவரில் இல்லை. அவர்களில் ஏறக்குறைய 6,000 பேரின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் உள்ள பதிவேடுகளில் இருக்கின்றன. நார்மண்டியிலேயே, வேர்-சுர்-மேர் ஊரில், 2021 ஜூன் 6 அன்று திறக்கப்பட்ட பிரிட்டிஷ் நினைவிடம் 22,442 பேரைப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. அங்கே படைவீரர்களோடு வணிக மாலுமிகளும் இடம்பெற்றிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் மாலுமிகளைவிடக் கப்பலுக்கு முதலில் மரியாதை கிடைத்தது. 56 நாட்களில் கட்டப்பட்ட ‘ஜெரமையா ஓ’பிரையன்’ என்ற ‘லிபர்ட்டி’ வகைச் சரக்குக் கப்பல், இங்கிலாந்துக்கும் நார்மண்டிக்கும் இடையே 11 நடை சென்றது. 1986-இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமானது. அதன் மாலுமிகளோ அப்போதும் சட்டப்படி முன்னாள் படைவீரர்கள் அல்லர். 1944 ஜூன் 22 அன்று, நார்மண்டிப் புயல் ஓய்ந்துகொண்டிருந்த வேளையில், படைவீரர் நலச் சட்டத்தில் கையெழுத்திட்ட அதிபர் ரூஸ்வெல்ட், வணிக மாலுமிகளுக்கும் இதுபோன்ற வாய்ப்புகளை நாடாளுமன்றம் விரைவில் வழங்கும் என்று நம்பிக்கை தெரிவித்தார். நீதிமன்ற வழக்குக்குப் பிறகு 1988-இல்தான் முன்னாள் படைவீரர் என்ற தகுதி அவர்களுக்கு வந்தது. அந்தச் சட்டம் தந்த கல்வி உதவியைப் பெறும் வயதை அவர்கள் எப்போதோ தாண்டியிருந்தனர்.

1994-இல், ஐம்பதாம் ஆண்டு நிறைவுக்காக, ‘ஓ’பிரையன்’ தன் சொந்த நீராவி எஞ்சினின் பலத்திலேயே சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நார்மண்டிக்குப் போய்த் திரும்பியது. ஓட்டியவர்களில் பெரும்பாலானோர் எழுபது வயதை ஒட்டிய தன்னார்வலர்கள்.  இரண்டாம் உலகப்போரின் அமெரிக்க வணிக மாலுமிகள் அனைவருக்குமாக ஒரே ஒரு தங்கப் பதக்கம் வழங்கும் சட்டம் 2020 மார்ச்சில் நிறைவேறியது. அது நியூயார்க்கின் கிங்ஸ் பாயின்ட்டில் உள்ள அமெரிக்க வணிகக் கப்பல் அருங்காட்சியகத்துக்கு உரியது.