வீணைத் தந்திகள்

வீணைத் தந்திகள் என்பன சரசுவதி வீணையில் பூட்டப்படும் ஏழு உலோகக் கம்பிகள் ஆகும். இவற்றுள் நான்கு மெட்டுகளின் மேல் அமைந்து வாசிப்பதற்கும், மூன்று பக்கவாட்டில் அமைந்து சுருதிக்கும் தாளத்திற்கும் பயன்படுகின்றன. தந்தியின் உலோகம், தடிமன், இழுவிசை ஆகிய மூன்றும் வீணையின் நாதத்தையும், கமகம் வாசிப்பதற்குத் தேவைப்படும் விரல் விசையையும் முடிவு செய்கின்றன. மின்ஒலிபெருக்கியுடன் வாசிக்கப்படும் வீணைகளில், ஒலி எவ்வாறு எடுக்கப்படுகிறது என்பதும் தந்தித் தேர்வில் முக்கிய இடம் பெறுகிறது. குடைவான உடலும் மின்காந்த ஒலியெடுப்பியும் கொண்ட கிட்டார்களிலும் இதே சிக்கல் உள்ளது.

வரலாறு

பழந்தமிழர் வாசித்த யாழின் தந்திகள் நரம்பு என்றே அழைக்கப்பட்டன. ஏழு நரம்புகள் கொண்ட செங்கோட்டி யாழ், இருபத்தொரு நரம்புகள் கொண்ட பேரியாழ் எனத் தந்திகளின் எண்ணிக்கையைக் கொண்டே யாழ் வகைகள் வேறுபடுத்தப்பட்டன.

இன்றைய புதுக்கோட்டை மாவட்டம் தந்தி இசைக்கருவிகளின் வரலாற்றில் தனியிடம் பெற்றது. புதுக்கோட்டை நகரை அடுத்த திருக்கோகர்ணம், திருமயம், மலையக்கோயில், குடுமியான்மலை ஆகிய ஊர்களின் குடைவரைக் கோயில்களை ஒட்டிப் பரிவாதினி என்னும் சொல் பொறிக்கப்பட்டுள்ளது. பரிவாதினி என்பது ஏழு தந்திகளை உடைய வீணை என்று வடமொழி நிகண்டான அமரகோசம் பொருள் தருகிறது. குடுமியான்மலையில் உள்ள பெரிய இசைக் கல்வெட்டு, பல்லவ கிரந்த எழுத்தில் ஏழு பண்களுக்கான சுரக் கோவைகளைத் தருகிறது. அதன் முடிவில், இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியன என்னும் பொருள்படத் தமிழில் ஒரு குறிப்பு உள்ளது. இது தந்திகளின் எண்ணிக்கையைச் சுட்டுவதாக ஆய்வாளர் பலர் கருதுவர். இக்கல்வெட்டு பொதுவாகக் கி.பி. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது.

இருபத்து நான்கு மெட்டுகள் நிலையாகப் பதிக்கப்பட்ட இன்றைய வீணை, தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில் (17ஆம் நூற்றாண்டு) உருப்பெற்றதாகக் கூறப்படுகிறது. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

தந்திகளின் அமைப்பு

வாசிப்புத் தந்திகள் நான்கும் பின்வருமாறு சுருதி கூட்டப்படுகின்றன:

- சாரணி: மத்திம சட்சம். எஃகுக் கம்பி.
- பஞ்சமம்: அதற்குக் கீழுள்ள பஞ்சமம். எஃகுக் கம்பி.
- மந்தரம்: கீழ்த்தாயி சட்சம். பித்தளை அல்லது வெண்கலக் கம்பி.
- அனுமந்தரம்: அதற்கும் கீழுள்ள பஞ்சமம். பித்தளை அல்லது வெண்கலக் கம்பி.

பக்கத் தந்திகளான பக்கசாரணி, பக்கபஞ்சமம், எச்சுசாரணி ஆகிய மூன்றும் மெல்லிய எஃகுக் கம்பிகள். இவற்றின் பிரடைகள் தண்டியின் பக்கத்தில் இருப்பதால் இவை வாசிப்புத் தந்திகளை விட நீளம் குறைந்தவை.

சிலர் மந்தரத்திற்கும் அனுமந்தரத்திற்கும் சுற்றுக்கம்பிகளைப் பயன்படுத்துகின்றனர். மெல்லிய எஃகு நடுக்கம்பியின் மேல் வேறொரு கம்பியை நெருக்கமாகச் சுற்றிச் செய்யப்படுவது சுற்றுக்கம்பி ஆகும்.

தடிமனும் இழுவிசையும்

ஒரு தந்தியின் அதிர்வெண் அதன் நீளம், இழுவிசை, ஓரலகு நீளத்தின் நிறை ஆகிய மூன்றைப் பொறுத்தது. நீளமும் சுருதியும் மாறாதிருந்தால், தேவையான இழுவிசை தடிமனின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும்.

கம்பியின் தடிமன் எஸ்.டபிள்யூ.ஜி. எனப்படும் கேஜ் எண்ணால் குறிக்கப்படுகிறது. எண் கூடினால் கம்பி மெல்லியது என்பதைப் புதிதாக வாங்குவோர் நினைவிற் கொள்ள வேண்டும். 30ஆம் எண் கம்பி 0.315 மில்லிமீட்டரும், 28ஆம் எண் கம்பி 0.376 மில்லிமீட்டரும் தடிமன் உள்ளவை.

எடுத்துக்காட்டாக, தந்தியின் நீளம் 80 செ.மீ. என்றும், சாரணியின் சட்சம் 165 ஏர்ட்சு (ஏறத்தாழ மூன்று கட்டைச் சுருதி) என்றும் கொள்வோம். 30ஆம் எண் எஃகுக் கம்பிக்கு ஏறத்தாழ 43 நியூட்டன், அதாவது 4.3 கிலோகிராம் எடைக்கு ஈடான இழுவிசை தேவைப்படும். 28ஆம் எண் கம்பிக்கு இது 61 நியூட்டன் ஆகிறது. இரண்டு எண் மாற்றத்தில் சுமை 40 விழுக்காட்டுக்கு மேல் உயர்கிறது.

அதே 43 நியூட்டன் அளவிலேயே மற்றத் தந்திகளையும் அமைக்க வேண்டுமானால், பஞ்சமத்திற்கு 27ஆம் எண் எஃகும், மந்தரத்திற்கு 23ஆம் எண் பித்தளையும், அனுமந்தரத்திற்கு 21ஆம் எண் பித்தளையும் கணக்கிற்குப் பொருந்துகின்றன. இவை கணக்கு வழியே பெற்ற எண்கள் மட்டுமே. வீணையின் நீளம், வாசிப்பவரின் சுருதி, விரல் பழக்கம் ஆகியவற்றுக்கு ஏற்ப நடைமுறை எண்கள் மாறும்.

சுருதியை அரைச்சுரம் உயர்த்தினால் எல்லாத் தந்திகளிலும் இழுவிசை ஏறத்தாழ 12 விழுக்காடு கூடும். எனவே சுருதியை நிலையாக உயர்த்துவோர் தந்தியையும் ஓர் எண் மெல்லியதாக மாற்றிக்கொள்வது நன்று.

கீழ்ச்சுரங்களுக்குப் பித்தளை ஏன்?

பித்தளை எஃகை விட 8 விழுக்காடு அளவே அடர்த்தி கூடியது. ஆகவே எடை மட்டும் இதற்குக் காரணமன்று. தடித்த எஃகுக் கம்பி விறைப்பு மிக்கது. விறைத்த கம்பியில் மேற்சுரங்கள் தத்தம் இடத்திலிருந்து சற்று உயர்ந்து, நாதம் கரகரப்பாகிறது. பித்தளையின் மீள்தன்மைக் கெழு எஃகினுடையதில் ஏறத்தாழ பாதி. அதனால் அதே தடிமனில் பித்தளை எளிதில் வளைந்து இனிய கார்வை தருகிறது. சுற்றுக்கம்பியும் இதே பயனை வேறு வழியில் தருகிறது.

கமகமும் அறுபடுதலும்

வீணையில் ஒரே மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மேற்சுரங்கள் எழுப்பப்படுகின்றன. ஒரே நீளமும் சுருதியும் உடைய இரு எஃகுத் தந்திகளை ஒரே தொலைவு இழுத்தால், தடிமன் எதுவாயினும் சுரம் ஏறத்தாழ ஒரே அளவே உயரும். ஆனால் தடித்த தந்தியை இழுக்கக் கூடுதல் விசை தேவை. ஆகவே தடித்த தந்தியால் கமகத்தின் எல்லை விரிவதில்லை, விரலின் உழைப்பே கூடுகிறது. அதன் பயன் உரத்த ஒலியும் நீண்ட கார்வையும் ஆகும்.

தந்தி அடிக்கடி அறுந்தால் தடித்த தந்தி பூட்டினால் போதும் என்னும் கருத்து பரவலாக உள்ளது. இது சரியன்று. தடிமன் கூடும்போது தாங்கும் வலிமையும் தேவையான இழுவிசையும் ஒரே விகிதத்தில் கூடுகின்றன. எனவே ஒரே உலோகத் தந்தி அறுபடும் சுருதி, தடிமனைப் பொறுத்ததன்று. அடிக்கடி அறுபடுவதற்குப் பெரும்பாலும் துரு, குதிரைத் தகட்டின் கூரிய விளிம்பு, பிரடையில் தவறான சுற்று, நீளத்திற்கு மிஞ்சிய சுருதி ஆகியவையே காரணம். தேவையின்றித் தடித்த தந்திகளைப் பூட்டினால் குதிரை, மேற்பலகை, தண்டி ஆகியவற்றின் மீது சுமை ஏறுகிறது.

மின் ஒலியெடுப்பும் தந்தியும்

மின்காந்த ஒலியெடுப்பி, தன் முன் அதிரும் இரும்புசார் கம்பியால் ஏற்படும் காந்தப்புல மாற்றத்தை மின்குறிப்பாக மாற்றுகிறது. பித்தளையும் வெண்கலமும் காந்தத்தால் ஈர்க்கப்படாதவை. ஆகவே இத்தகைய ஒலியெடுப்பி பொருத்திய வீணையில் சாரணியும் பஞ்சமமும் உரக்க ஒலிக்க, மந்தரமும் அனுமந்தரமும் ஏறத்தாழ ஊமையாகிவிடும். இதற்கு இரு தீர்வுகள் உள்ளன. ஒன்று, எஃகு நடுக்கம்பியின் மேல் நிக்கல் அல்லது நிக்கல் பூசிய எஃகு சுற்றிய தந்தியைப் பூட்டுவது. மற்றது, மரத்தின் அதிர்வையே நேரடியாக உணரும் தொடு ஒலிவாங்கியைப் பயன்படுத்துவது. இரண்டாவது முறையில் பித்தளைத் தந்திகளை மாற்ற வேண்டியதில்லை.

கிட்டார்களுடன் ஒப்பீடு

வயலினைப் போல வளைவாகச் செதுக்கிய மேற்பலகையைக் கொண்ட ஆர்ச்டாப் கிட்டாரும் இதே மாற்றத்தைக் கண்டது. 1922இல் வெளிவந்த கிப்சன் எல்-5 மரத்தின் ஒலியை மட்டுமே நம்பியது. 1936இல் வெளிவந்த கிப்சன் இ.எஸ்.-150 மின்காந்த ஒலியெடுப்பியுடன் வந்தது. 1958இல் வெளிவந்த இ.எஸ்.-335, நடுவில் மரக்கட்டையும் இருபுறமும் குடைவும் கொண்ட அரைக்குடைவு வகை.

ஆர்ச்டாப் கிட்டாரில் மேற்பலகையை அதிரச் செய்ய, முதல் தந்தி 0.012 அல்லது 0.013 அங்குலம் உள்ள தடித்த தொகுதி விரும்பப்படுகிறது. மூன்றாம் தந்தியும் சுற்றுக்கம்பியாக இருக்கும். சாசு இசைக்கலைஞர் பலர் மென்மையான ஒலிக்காகத் தட்டைச் சுற்றுத் தந்திகளைத் தேர்கின்றனர். அரைக்குடைவுக் கிட்டாரில் ஒலியெடுப்பியே பெரும்பங்கு ஆற்றுவதால், வளைத்து வாசிக்க எளிதான 0.010 அல்லது 0.011 தொகுதி போதுமானது. வெண்கலம் சுற்றிய தந்திகளில் நடுக்கம்பியை மட்டுமே காந்தம் உணர்வதால், சுற்றில்லாத தந்திகள் மிகையாக ஒலிக்கும். எனவே மின் கிட்டாருக்கு நிக்கல் சுற்றே ஏற்றது.

மாற்றுதலும் பராமரிப்பும்

- வாசித்து முடித்ததும் உலர்ந்த மெல்லிய துணியால் தந்திகளைத் துடைத்தால் வியர்வையால் வரும் துரு குறையும்.
- மெட்டுகளில் உரசித் தேய்ந்த தந்தியின் நிறை சீராக இராது. வெற்றுத் தந்தி சுருதி சேர்ந்தும் மெட்டுகளில் சுரம் பிசகினால், மெழுகில் கைவைக்கும் முன் தந்தியை மாற்றிப் பார்க்க வேண்டும்.
- தந்திகளை ஒவ்வொன்றாக மாற்றுவது நல்லது. ஆர்ச்டாப் கிட்டாரின் குதிரை தந்திகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்பதால், அங்கு இது கட்டாயம்.
- புதிய தந்தி சில நாட்கள் தளரும். பிரடையால் சுருதி கூட்டியபின், நுண்ணிய திருத்தத்தை நாகபாசத்தை அடுத்துள்ள லங்கர் வளையங்களால் செய்யலாம்.

இவற்றையும் பார்க்க

- சரசுவதி வீணை
- யாழ்
- குடுமியான்மலை இசைக் கல்வெட்டு
- திருக்கோகர்ணம்
- மின் கிட்டார்