மெல்லிய சக்கரம் நமக்குப் புதிதல்ல

முக்கு ரோட்டில் விடியற்காலையில் நின்று பார்த்தால், தலையில் ஹெல்மெட்டோடு, கீழே வளைந்த ஹேண்டில் பாரைப் பிடித்துக் குனிந்தபடி இரண்டொருவர் சைக்கிளில் போவதைப் பார்க்கலாம். நம் வயதுக்காரர்கள் அதை 'ரேஸ் சைக்கிள்' என்போம். பிள்ளைகளுக்கு அது 'ரோடு பைக்'. சில வருடங்களாகத் தடித்த டயர் போட்ட 'மவுண்டன் பைக்' ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் இப்போது இந்த மெல்லிய டயருக்கு மாறுகிறார்கள். இதுவும் வெளிநாட்டு மோகம் என்று திண்ணையில் பேசிக்கொள்கிறோம். சக்கரத்தை அளந்து பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

1885-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். அதற்கு முன் ஓடிய வண்டியில் முன்சக்கரம் நெஞ்சு உயரம், பின்சக்கரம் தாம்பாளம் அளவு. விழுந்தால் தலைகுப்புறத்தான். ஸ்டார்லி இரண்டு சக்கரத்தையும் ஏறக்குறைய ஒரே அளவாக்கி, பின்சக்கரத்தைச் செயின் போட்டு ஓட்டினார். 1888-இல் பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர் டயர் மாட்டிக் கொடுத்தார். இந்த இரண்டும் சேர்ந்ததுதான் நாம் அறிந்த சைக்கிள்.

இங்கிலாந்துக்காரன் அதை 'ரோட்ஸ்டர்' என்றான். பெயரிலேயே ரோடு இருக்கிறது. 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர், நிமிர்ந்து உட்காரும் சீட்டு, கம்பி பிரேக், மூடிய செயின் கவர். ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., பிலிப்ஸ் எல்லாம் கப்பலில் வந்து இறங்கியவை. நம்மூர் ஆட்களுக்குக் கொழும்பில் கடை இருந்த காலம் அது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் வாப்பாவின் ராலேயும் கொழும்பிலிருந்து வந்ததுதான். சுதந்திரத்துக்குப் பிறகு 1949-இல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கினார்கள். அம்பத்தூரில் தொழிற்சாலை வந்தது. பிறகு ஹெர்குலிஸ் வாங்கச் சீமையைப் பார்க்க வேண்டியதில்லை என்றாகிவிட்டது. 1956-இல் லூதியானாவில் ஹீரோ வந்தது.

நாம் 'இருபத்திரண்டு இன்ச்', 'இருபத்துநாலு இன்ச்' என்று சொன்னது பிரேமின் உயரத்தை, சக்கரத்தை அல்ல. வண்டி இருபது கிலோவுக்குக் குறையாது. அதில்தான் அரிசி மூட்டை, மீன் கூடை, பனங்கிழங்குக் கட்டு, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள் எல்லாம் போனது. கால் எட்டாத வயதில் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட்டவர்கள் இதைப் படிப்பவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். வருடாவருடம் பஞ்சாயத்தில் வரி கட்டித் தகர வில்லை வாங்கி மாட்ட வேண்டும். இரவில் விளக்கில்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ் பிடிக்கும். டைனமோ வாங்க வசதி இல்லாதவர்கள் மண்ணெண்ணெய் விளக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். வாடகை சைக்கிள் கடையில் நேரத்தை நோட்டில் எழுதி அனுப்புவார்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் அரை மணிக் காசு கூடிவிடும்.

அந்த நாளில் பெண்கள் சைக்கிள் ஓட்டி நம்மூரில் நான் பார்த்ததில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் கிராமத்துப் பெண்களை ஆயிரக்கணக்கில் சைக்கிளில் ஏற்றியது. 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தமிழக அரசு தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பின்னர் எல்லாப் பிரிவு மாணவ மாணவியருக்கும் விரிந்தது. அதில் கொடுத்ததும் பழைய ரோட்ஸ்டர் வகையே.

ஆனால் பெரியவர்கள் சைக்கிளை விட்டு இறங்கியதும் நம் கண் முன்னால்தான். 1980-இல் டி.வி.எஸ். 50 வந்தது. அரபு நாட்டுப் பணம் வந்தது. மகன் அங்கிருந்து பணம் அனுப்புகிறான், வாப்பா இன்னும் சைக்கிள் மிதிக்கிறாரா என்று ஊர் கேட்கும். அந்தப் பேச்சுக்குப் பயந்தே பலர் சைக்கிளைக் கொல்லையில் சாத்தினார்கள். உப்புக்காற்று மற்றதைப் பார்த்துக்கொண்டது.

இந்த இடத்தில்தான் மவுண்டன் பைக் வருகிறது. அது பிறந்தது அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில். 1970-களில் அங்கே சில இளைஞர்கள் பலூன் டயர் போட்ட பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, டமால்பையஸ் மலைப் பக்கத்து மண் பாதைகளில் இறங்கி விளையாடினார்கள். ஜோ பிரீஸ், டாம் ரிச்சி, கேரி பிஷர் என்று அவர்களில் சிலர் பிறகு அதற்கென்றே பிரேம் செய்து விற்கத் தொடங்கினார்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது போட்டியாகவே சேர்ந்துவிட்டது. நம் நாட்டில் 90-களில் ஹெர்குலிஸ் எம்.டி.பி., ஹீரோ ரேஞ்சர் என்று வந்தன. மலையே இல்லாத ராமநாதபுரம் மாவட்டத்தில் மலை சைக்கிள் எதற்கு என்று கேட்கலாம். நம்மிடம் மலை இல்லாவிட்டாலும் மணல் இருந்தது. தெரு மணல், கடற்கரை மணல், தார் பெயர்ந்த ரோடு. மெல்லிய டயர் மணலில் புதையும், தடித்த டயர் மேலே மிதந்து போகும். அதனால் அந்த வண்டி இங்கே வந்தது தவறில்லை.

பிறகு ரோடு மாறியது. 1988 அக்டோபர் 2-ஆம் தேதி பாம்பன் சாலைப் பாலம் திறந்தது. அதுவரை ராமேஸ்வரம் தீவுக்கு ரயிலை விட்டால் படகு. சைக்கிளை மிதித்துக்கொண்டே தீவுக்குள் போவது அன்றைக்குப் பிறகுதான் முடிந்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகு, முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் ஐம்பது வருடத்துக்கு மேல் மணல்தான், ஜீப்பும் வேனும்தான். 2017 ஜூலை 27-இல் அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் தார் ரோடு திறக்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையும் நம்மூர் வழியாகத் தூத்துக்குடிக்கு ஓடுகிறது. ரோடு வழுவழுப்பானபின் தடித்த டயர் பாரமாகிவிட்டது.

இதை எனக்கு உணர்த்தியவன் என் ராத்தா மகன். பல வருடம் துபாயில் இருந்துவிட்டுச் சர்க்கரையோடும் முழங்கால் வலியோடும் ஊர் வந்தான். டாக்டர் நடக்கச் சொன்னார், முழங்கால் விடவில்லை. சைக்கிள் ஓட்டு என்றார். முன்னால் ஸ்பிரிங் வைத்த மவுண்டன் பைக் வாங்கினான். மூன்று மாதம் கழித்து வந்து, "மாமா, காத்து எதிர்ல அடிக்கிற நாள்ல ராமநாதபுரம் போய்ச் சேர்றதுக்குள்ள உயிரு போகுது. விட்டுறலாமான்னு இருக்கு" என்றான். விட்டிருந்தால் மாத்திரை கூடியிருக்கும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"விடாதே, வண்டியை மாத்து" என்றேன். அவன் வாங்கிய ரோடு பைக்கின் டயரில் '700 x 28', அதன் பக்கத்திலேயே '28-622' என்று போட்டிருந்தது. ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 622 மில்லிமீட்டர் என்று அதற்குப் பொருள். நம் பழைய 28 அங்குல ரோட்ஸ்டருக்கு அதே அளவு 635. அவன் விட்டுவிட்டு வந்த 26 அங்குல மவுண்டன் பைக்குக்கு 559. ஆக, புதியது என்று அவன் வாங்கியது அவன் வாப்பா ஓட்டிய சக்கரத்துக்கு 13 மில்லிமீட்டர்தான் சின்னது. நடுவில் வந்த மவுண்டன் பைக்தான் விலகிப் போனது.

வித்தியாசம் எடையிலும் காற்றிலும் இருக்கிறது. பழையது இருபது கிலோ என்றால் இது பத்துக் கிலோவுக்குப் பக்கம். டயரில் காற்று மவுண்டன் பைக்கைப் போல இரண்டு மடங்கு அழுத்தத்தில் நிற்கும். தரையில் உரசல் குறைவு. மணிக்கு இருபது கிலோமீட்டரைத் தாண்டினால் நம்மைப் பிடித்து இழுப்பது பெரும்பாலும் எதிர்க்காற்றுதான். குனிந்து ஓட்டுவது அதற்காகத்தான், பகட்டுக்காக அல்ல. கச்சானும் வாடையும் அடிக்கும் கரையில் இருக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாய் இறக்கிய வள்ளத்தைப் போல உடம்பைத் தாழ்த்திக்கொள்கிறான், அவ்வளவுதான். கியர் இருப்பதால் காற்று ஏறும்போது மிதி இலகுவாகிறது. 1937 வரை பிரான்சின் 'டூர் டி பிரான்ஸ்' பந்தயத்திலேயே இந்தக் கியர் மாற்றியை அனுமதிக்கவில்லை என்பது வேடிக்கையான செய்தி.

முதலில் அவன் கஷ்டப்பட்டான். கழுத்து வலித்தது. ஹேண்டிலை உயர்த்தி, சீட்டை முன்னே தள்ளி வைத்தபின் சரியானது. சீமைக் கருவேல முள் முதல் மாதத்திலேயே இரண்டு தடவை டியூபைக் குத்தியது. பஞ்சர் கடைக்காரர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "காக்கா, இந்த வாலுக்கு என் பம்பு சேராது" என்று கையை விரித்துவிட்டார். அதன் வால்வு ஊசி போல மெல்லியது. அதற்கு மாட்டும் சின்னப் பித்தளைத் திருகையும் ஒரு டியூபையும் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று கற்றுக்கொண்டான். ஆனால் ஒரு மணிக்கு மேல் எடுத்த ராமநாதபுரம் ரோடு முக்கால் மணியில் முடிந்தது. விடவில்லை. அடுத்த இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கியிருந்தது. மாத்திரையும் கூடவில்லை.

மாற நினைப்பவர்களுக்கு, முக்கியமாக ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, நான் சொல்வது இது. டயர் 28 அல்லது 32 இருக்கட்டும், அதற்கும் மெல்லியது நம் ரோட்டுக்கு வேண்டாம். ரோட்டோரம் காற்று கொண்டுவந்து கொட்டிய மணலில் சட்டென்று திருப்பாதீர்கள், சறுக்கிவிடும். மீன் வண்டிகளும் சுற்றுலா பஸ்களும் விடியுமுன்பே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமெடுக்கின்றன. பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் இறங்காதீர்கள். விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸ் நிறுத்திய காலத்தில் ரோட்டில் இத்தனை வேகம் இல்லை. வேகம் வந்தபின் நிறுத்துவாரும் இல்லை, வில்லையும் இல்லை.

ரோடு பைக் வாங்க வசதியோ மனமோ இல்லாதவர்கள் கொல்லையில் சாத்திய பழைய வண்டியை எடைக்குப் போடாதீர்கள். டயரும் டியூபும் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டால் பல வண்டிகள் இன்றைக்கும் ஓடும். சக்கரம் கிட்டத்தட்ட அதே சக்கரம்தான்.